ஜெய்தூன் பீவி கொடுத்த பால்

ஒச்சம்மாள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டபோது அவளுக்குக் கண் திறக்கவில்லை. காதுதான் முதலில் திறந்தது.

"ஜெய்தூன் பீவி! ஏம்மா ஜெய்தூன் பீவி! அடுத்தவ பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் குடுத்துட்டா உன் மகனுக்கு என்னத்தை வைப்பே?" என்று ஒரு நர்ஸம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொன்ன குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: "அவனுக்கு இல்லாமலா சிஸ்டர்? இது ஊறிக்கிட்டேதான் கெடக்கு. இவளும் குடிக்கட்டும். இவ அம்மா இன்னும் முழிக்கலையில்ல, பாவம்."

தொண்ணூற்றாறாம் வருஷம், ஐப்பசி மாதம். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டு. மழை கொட்டி வார்டு வாசல் வரைக்கும் தண்ணீர் நின்றது. எரியோட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியிலும், ரோட்டிலிருந்து காரிலுமாக ஒச்சம்மாளைக் கொண்டுவந்து சேர்த்தபோதே அவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது. கை கால் வெட்டி இழுத்தது. மூன்று நாள் நினைவில்லை. கண் திறந்ததும், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்து, "யாரு பிள்ளைக்கு யாரு பாலு குடுக்கிறா?" என்று கேட்டாள்.

"உன் பிள்ளைக்குத்தான். பொம்பளப் பிள்ளை. பக்கத்துக் கட்டில்காரிதான் மூணு நாளா குடுக்கிறா. பேகம்பூர் சாயபு வீட்டுப் பொண்ணு. அவ இல்லைன்னா நம்ம பிள்ளை இல்லை."

ஒச்சம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்தாறு வயசிருக்கும். சிவந்த, பூசினாற்போன்ற உடம்பு. ஒரு மடியில் அவள் பெற்ற பையன், இன்னொரு மடியில் ஒச்சம்மாளின் மகள். "முழிச்சிட்டியா அக்கா? இந்தா பாரு உன் மகளை. சரியான வாயாடி, பால் கொஞ்சம் சுணங்கினாலும் அடிக்கிறா" என்றாள் ஜெய்தூன் பீவி. அந்த மகள்தான் நாகஜோதி. அந்தப் பையன் ஹஸ்ஸான்.

மறுநாள் ஜெய்தூனின் மாமியார் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தார். ஒச்சம்மாளின் பெயர், புருஷன் சோலைமலையின் பெயர், ஊர், தோட்டம் எந்தப் பக்கம் என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கென்று கேட்டதற்கு, "எங்க மார்க்கத்துல ஒரு தாய்கிட்டப் பால் குடிச்ச பிள்ளைங்க அண்ணன் தங்கச்சியாயிரும்மா. அதுகளுக்குள்ள கலியாணம் ஆகாது. நாளைக்குத் தெரியாம ஏதும் நடந்துறக் கூடாதுல்ல, அதான் எழுதி வைக்கிறோம்" என்றார்.

ஒச்சம்மாளுக்கு அந்தப் பலவீனத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க எங்க, நீங்க எங்க. எங்க வீட்டுப் பொண்ணை உங்க வீட்டுக்குக் குடுக்கவா போறோம்?"

"குடுத்தாலும் குடுக்காட்டாலும் முறை முறைதானே" என்று சொல்லிவிட்டு அந்தம்மா நோட்டை மூடினார்.

அந்த நோட்டில் முதல் பெயர் நாகஜோதி. இரண்டாவது, ஜெய்தூனின் கொழுந்தனார் மகள் இஃப்பத். தாய்க்கு மஞ்சள் காமாலை என்று கைக்குழந்தையாக ஜெய்தூனிடம் வந்தவள். அப்புறம் பேகம்பூரில் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஐந்து பிள்ளைகள். கடைசிப் பெயர் கிதர் முகம்மது. தான் பெற்றது போக ஏழு. பால் இல்லாத தாய், படுத்த தாய், செத்த தாய் என்று யார் வீட்டிலிருந்து ஆள் வந்தாலும், ஜெய்தூன் பீவி இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு எழுந்து போவாள்.

அவள் பிழைப்பு இடியாப்பம்தான். புருஷன் ஜமால் முகமதுக்குத் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று காலெல்லாம் வெந்து கிடக்கும். வார்டில் தொடங்கிய பழக்கம் விடவில்லை. ஒச்சம்மாள் சம்பங்கி மூட்டையோடு விடியற்காலையில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்தால், பூவைப் போட்டுவிட்டு நேரே பேகம்பூர் போவாள். அங்கே அவளுக்கென்று ஒரு தட்டு இடியாப்பம் இருக்கும். நாகஜோதி பெரிய மனுஷியானபோது ஜெய்தூன் பட்டுப் பாவாடையோடு வந்து சபையில் உட்கார்ந்தாள். நாகஜோதிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அவளை நெய்க்காரப்பட்டியில் பழனிக்குமாருக்குக் கட்டிக் கொடுத்தபோது, தாய்மாமன்காரர்களும் பங்காளிகளும் முறைத்துக்கொண்டு நிற்க, பொண்ணுக்கு அண்ணன் செய்ய வேண்டிய சீரை ஹஸ்ஸான்தான் தட்டில் வைத்துத் தூக்கி வந்தான். "எந்த முறையிலடா அண்ணன்?" என்று ஒரு கிழவர் வம்புக்கிழுத்தார். "ஒரே பாலு குடிச்ச முறையில" என்றான் ஹஸ்ஸான்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. முதலில் காய்ச்சல் கண்டது ஜெய்தூனுக்கு. அவளுக்கு ஒரு வாரத்தில் தணிந்துவிட்டது. அவளிடமிருந்து ஜமால் முகமதுக்கு வந்தது. பதினோராம் நாள் அவரைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. "நான் கொண்டாந்து குடுத்ததுக்கா. என் மூச்சுல இருந்த வைரஸ்தான் அவரைக் கொண்டுட்டுப் போச்சு" என்று அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ஒச்சம்மாள் எத்தனையோ தேற்றினாள். ஊரெல்லாம் சாகும்போது உன்னால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டாள். ஜெய்தூன் தலையை ஆட்டுவாள், மறுவாரம் அதையே சொல்வாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ரம்ஜான் நோன்பு முடிந்து கொஞ்ச நாளில், ஒருநாள் காலை ஒச்சம்மாள் போனபோது அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை. ஜெய்தூன் அவளை உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். "அக்கா, இங்கன செத்த கை வச்சுப் பாரு." இடது மாரின் அடிப்பக்கம். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக, நகராமல், கல்லு மாதிரி ஒன்று இருந்தது.

"வலிக்குதா?"

"வலிச்சா முன்னமே காட்டியிருப்பேனே. நோன்புக்கு முன்னயிருந்தே கெடக்கு. ஹஸ்ஸான்கிட்ட எப்படிச் சொல்றது, ஆம்பளப் பிள்ளை."

அந்த வாரமே இரண்டு பேரும் மதுரைக்குப் போனார்கள். ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது, புற்றுதான், ஆனால் சின்னதாக இருக்கிறது, வேறெங்கும் ஓடவில்லை, அறுத்து எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் நல்லபடியாக இருக்கலாம் என்றார் டாக்டர். பக்ரீத் கழிந்து ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். ஒச்சம்மாளுக்கு உயிர் திரும்பியது. இரண்டு பேரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையே என்று டீயும் பன்னும் வாங்கக் கீழே போனாள். டீக்கடையில் கூட்டம். திரும்பி வர அரைமணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

அந்த அரைமணி நேரத்தில் டெய்சி என்ற பெண் ஜெய்தூன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். மார்ப்புற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். கொஞ்சம் ரத்தமும், அறுக்கும்போது கட்டியில் ஒரு துணுக்கும் தர முடியுமா என்று கேட்டு, எதற்கென்றும் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். ஜெய்தூன் கையெழுத்துப் போட்டு, ஒரு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஒச்சம்மாள் டீயோடு வந்தபோது டெய்சி எழுந்து போய்க்கொண்டிருந்தாள். "என்னவாம்?" என்று கேட்டதற்கு, "ரத்தம் கேட்டாங்க" என்று மட்டும் சொன்னாள் ஜெய்தூன்.

திரும்பும்போது பஸ் கொடைரோடு தாண்டியதும், "அக்கா, நாகஜோதி என்கிட்ட எம்புட்டு நாளு குடிச்சா?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில ஒம்பது நாளு. பெறகு நான் எந்திரிக்க மாட்டாம கெடந்தப்ப உன் வீட்டுல ஒரு மாசம். ஏன்?"

"ஒரு மாசமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பழசை நினைத்துக்கொள்கிறாள் என்றுதான் ஒச்சம்மாள் நினைத்தாள்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை வந்தது. தானும் துணைக்கு வருவதாக ஒச்சம்மாள் போன் போட்டபோது, தேதியைத் தள்ளிவிட்டார்கள், கட்டி சுருங்க முதலில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றாள் ஜெய்தூன். மகனிடமும் அதையேதான் சொன்னாள். ஹஸ்ஸான் பிரியாணிக்கடையில் அடுப்பு வேலை பார்க்கிறவன். தாய் சொன்னால் அதுதான் அவனுக்கு. அறுவைக்கு முன்னால் சொந்தபந்தத்தையெல்லாம் பார்த்துப் பொருத்தம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அவள் கிளம்பியபோது அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. பெரிய பயணம் போகிறவர்களும், நோயில் கிடக்கிறவர்களும், தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்பது அவர்கள் வழக்கம். அதைத்தான் பொருத்தம் கேட்பது என்பார்கள். முகத்துக்கு நேரே கேட்க வேண்டும்.

அவள் போனது சொந்தபந்தம் எல்லாரிடமும் அல்ல. நோட்டில் இருந்த ஏழு பேரிடம். இஃப்பத் வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், அங்கே போனாள். திருப்பூரில் ஒருத்தன், திருச்சியில் ஒருத்தி, பேகம்பூரிலேயே இரண்டு பேர். கிதர் முகம்மது துபாயில் இருந்தான். புரட்டாசியில் லீவுக்கு வருவான் என்று காத்திருந்தாள். நாகஜோதி பிள்ளைத்தாச்சி. கலியாணமாகி ஆறு வருஷம் கழித்து நின்ற கரு. அவளிடம் இப்போது சொன்னால் பயந்துவிடுவாள் என்று, அவள் பிரசவமாகி எழுந்திரிக்கட்டும் என்று அதற்கும் காத்திருந்தாள். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதங்கள் போயின. கல்லு மாதிரி இருந்தது எலுமிச்சங்காய் மாதிரி ஆனது. கையைத் தூக்க முடியவில்லை. கேட்டால் மாத்திரை வேலை செய்கிறது என்பாள்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வீட்டுக்கு ஜெய்தூன் பீவி தனியாக வந்து இறங்கினாள். ஒச்சம்மாளுக்கு அடையாளமே தெரியவில்லை. அம்புட்டு இளைத்துப் போயிருந்தாள். நாகஜோதி வாசற்படியை ஒட்டி உட்கார்ந்து மூன்று மாதப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழனிக்குமார் பிள்ளையைப் பார்க்க நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்திருந்தான்.

"வாங்க பேகம்பூரம்மா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? பேத்தியப் பாக்க மூணு மாசமா?" என்றாள் நாகஜோதி. "இந்தாங்க, தூக்குங்க."

ஜெய்தூன் பிள்ளையைத் தொடவில்லை. வாசற்படிக்கு உள்ளேயும் வரவில்லை. "தூக்க மாட்டேன் தாயி. முதல்ல நான் சொல்றதைக் கேளு. எனக்கு மார்ல வந்திருக்கிறது புத்து. அது ஒரு வைரஸ்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. பொறக்கும்போதே ஒடம்புல இருக்கிற வைரஸாம், பரம்பரையா வர்றதாம். எலிக்கெல்லாம் தாய்ப்பால் வழியாத்தான் குட்டிக்குப் போகுதாம். எனக்குத் தெரியாது தாயி. தெரியாமத்தான் உனக்குக் குடுத்தேன். பொருந்திக்க. ஆறு பேரு பொருந்திட்டாங்க. நீதான் கடைசி." மடித்த காகிதத்தை எடுத்துக் குனிந்து நாகஜோதியின் பக்கத்தில் வைத்தாள்.

நாகஜோதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழனிக்குமார்தான் போனை எடுத்துத் தேடினான். ஒரு நிமிஷம் வாசித்தான். முகம் மாறிவிட்டது. "ஏனுங்க அத்தை, எலிக்குப் பால்ல போகுதுங்கறது நெசந்தானுங்க. இதுல படம் போட்டே காட்டியிருக்கறாங்க. மனுசருக்கும் அதே மாதிரி ஒண்ணு இருக்குதுன்னு போட்டிருக்குதுங்க." பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீ பிள்ளைய எடு. முதல்ல மார்ல இருந்து எடு."

நாகஜோதி வெடுக்கென்று எடுத்தாள். பிள்ளை வீரிட்டது.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒச்சம்மாளுக்கு என்ன வந்ததோ. ஆறு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி மகள் பெற்ற பிள்ளை. "ஏன்டி, பாலுன்னு சொல்லி வெஷத்தையா குடுத்தே என் மகளுக்கு? இப்ப அது என் பேத்தி வரைக்கும் வந்துருச்சா? மதுரையில தெரிஞ்ச விசயத்தை இம்புட்டு நாளு மறைச்சு வச்சு, மூணு மாசம் இவ குடுக்கிற வரைக்கும் பாத்துட்டு, இப்ப வந்து நிக்கிறே. போயிரு. என் கண்ணு முன்னால நிக்காதே."

ஜெய்தூன் படியிலிருந்து இறங்கினாள். சம்பங்கி வரப்பில் நடந்து ரோட்டுக்குப் போய், பஸ்ஸுக்குக் காத்து வெகுநேரம் நின்றாள். ஒச்சம்மாள் வாசலில் இருந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிடவில்லை.

பவுடர் பால் வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைக்குப் புட்டி பிடிக்கவில்லை. குடித்ததைக் கக்கியது. வயிறு போயிற்று. நாகஜோதி பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். மல்லிகைப் பூவை அரைத்து மாரில் கட்டிப் பாலை வற்ற வைத்தார்கள். பதினெட்டு நாள் இப்படியே போனது. பிள்ளையின் கன்னம் ஒட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒச்சம்மாளுக்கு அந்தக் காகிதத்தின் நினைப்பு வந்தது. படிக்கத் தெரியாது. ஆனால் டெய்சி என்ற பெயரும் போன் நம்பரும் அதில் இருப்பதாகப் பழனிக்குமார் சொல்லியிருந்தான். யாரிடமும் சொல்லாமல் மதுரைக்கு பஸ் ஏறினாள்.

டெய்சி காகிதத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள். "ஜெய்தூன் பீவி! இவங்க எங்கம்மா? அஞ்சு மாசமா போன் போடுறோம், எடுக்கவே மாட்டேங்கிறாங்க. ஆபரேஷனுக்கே வரலையே?"

ஒச்சம்மாள் நடந்ததைச் சொன்னாள். டெய்சி நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எலியைச் சொன்னேன்மா. நான்தான் சொன்னேன். இந்த ஆராய்ச்சி எங்கேயிருந்து ஆரம்பிச்சுதுன்னு புரியட்டுமேன்னு சொன்னேன். எலிக்கு அப்படி ஒரு வைரஸ் உண்டு, பால்ல போகும். மனுசருக்குப் பால்ல புற்று தொத்துறதா யாரும் நிரூபிச்சது கிடையாது. பால் குடுக்கிறதை நிறுத்தவே வேண்டாம்."

"பொறக்கும்போதே இருக்குன்னு சொன்னீகளாமே?"

"அது வேறம்மா. பல லட்சம் வருஷத்துக்கு முன்னால, மனுசன் மனுசனா ஆகுறதுக்கும் முந்தி, நம்ம மூதாதைகளுக்குச் சில வைரஸ் தொத்தியிருக்கு. அது அவங்க பிள்ளை உண்டாகுற விதைக்குள்ளயே போய் ஒட்டிக்கிச்சு. அதனால பிள்ளை, பிள்ளைக்குப் பிள்ளைன்னு இன்னைக்கு வரைக்கும் எல்லார் உடம்புலயும் அதோட மிச்சம் கிடக்கு. பெரும்பாலும் சும்மா தூங்கிக் கிடக்கும். மார்ப்புற்று வந்த சில பேரோட கட்டியில அது முழிச்சிருக்கிறதைப் பாத்திருக்காங்க. அது முழிச்சதால புற்று வந்துதா, புற்று வந்ததால அது முழிச்சுதா, அதுதான் இன்னும் தெரியலை. அதைப் பார்க்கத்தான் துணுக்கு கேட்டோம்."

"எல்லார் உடம்புலயும்னா?"

"உங்களுக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. உங்க மகளுக்கு அவங்க குடுத்துத்தான் வரணும்னு இல்லைம்மா. உங்ககிட்டயிருந்தும் அவ அப்பாகிட்டயிருந்தும் வயித்துல இருக்கும்போதே வந்திருக்கும்."

ஒச்சம்மாள் தன் கையைப் பார்த்தாள். "அப்ப நான் குடுத்ததா அது?"

"யாரும் குடுக்கலைம்மா" என்றாள் டெய்சி. "நீங்க அவங்களை உடனே கூட்டிட்டு வாங்க. நாளைக்கே. அப்ப ரொம்ப ஆரம்பத்துல இருந்துச்சு."

ஒச்சம்மாள் எரியோட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து மகளுக்குப் போன் போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேகம்பூருக்கு வா என்றாள். பழனிக்குமார் தடுத்தால் என்ன செய்ய என்று கேட்டாள் நாகஜோதி. "அவரையும் கூட்டிட்டு வா. வந்து என்கிட்டக் கேக்கச் சொல்லு."

பேகம்பூரில் ஹஸ்ஸான் கதவைத் திறந்தான். வேலைக்குப் போகவில்லை. "என்ன பெரியம்மா இது? உங்க தோட்டத்துக்கு வந்துட்டுப் போனதுலயிருந்து அம்மா எந்திரிக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, ஒருத்தி பொருந்தலை, அவ பொருந்தாம வரமாட்டேங்குது. யாரு பொருந்தலை? மாத்திரை டப்பாவைத் தேடுறேன், ஒரு மாத்திரைகூட இல்லை. இத்தனை மாசமா ஒண்ணுமே சாப்பிடலை பெரியம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

ஜெய்தூன் பாயில் படுத்திருந்தாள். இடது பக்கம் துணியை மீறி நீர் கசிந்தது. ஒச்சம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, டெய்சி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். எலி வேறு, மனுசர் வேறு என்றாள். எனக்கும் இருக்கு, அந்தப் பொண்ணுக்கும் இருக்கு என்றாள். ஜெய்தூன் மேலே கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்கக்கா" என்றாள் கடைசியில்.

"இல்லடி. என் மகள் மேல சத்தியமா சொல்றேன்."

"கொரோனாவுக்கும் இப்படித்தான் சொன்னே. யாரு குடுத்தான்னு யாருக்குத் தெரியும்னு சொன்னே."

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும். என்னை நீ பொருந்திக்கடி" என்று ஒச்சம்மாள் அவள் காலைப் பிடித்தாள். ஜெய்தூன் காலை இழுத்துக்கொள்ள முயன்றாள், முடியவில்லை.

பொழுது சாயும் முன்னால் நாகஜோதி வந்து சேர்ந்தாள். பழனிக்குமார் வாசலிலேயே செருப்போடு நின்றான். ஒச்சம்மாள் போய் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். "அந்தப் போன்ல இருக்கறது பொய்யுங்களா?" என்றான். "பொய்யில்லை மாப்பிளை. எலிக்கு நெசம். நம்ம எலியா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே நாகஜோதி பாயின் மேலேயே ஜெய்தூன் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கையை நெகிழ்த்தினாள். பிள்ளையை மாரில் வைத்தாள். பிள்ளை ஆவலாகப் பற்றி உறிஞ்சியது. பால் வரவில்லை. விட்டுவிட்டு அழுதது. மறுபக்கம் மாற்றி வைத்தாள். அங்கேயும் வரவில்லை. பதினெட்டு நாளில் வற்றிப் போயிருந்தது. நாகஜோதி அழுதுகொண்டே மறுபடியும் மறுபடியும் வைத்துப் பார்த்தாள். "பொருந்திட்டேன் பேகம்பூரம்மா. நான் பொருந்தறதுக்கு இதுல என்ன இருக்கு? உங்க பாலு இல்லைன்னா அன்னைக்கே நான் போயிருப்பேனே. எந்திரிங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஜெய்தூன் பீவி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டுத் தூக்கவில்லை. "விடாம வச்சுக்கிட்டே இரு தாயி. நாலஞ்சு நாள்ல திரும்ப ஊறும். வெந்தயமும் பூண்டும் சாப்பிடு" என்றாள். எத்தனையோ தாய்மார்களுக்குச் சொன்ன பக்குவம் அது. சொன்ன பிறகு என்ன நினைத்தாளோ, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஹஸ்ஸானு, காலையில கார் சொல்லு" என்றாள்.

மதுரையில் திரும்பவும் எல்லாப் படமும் எடுத்தார்கள். டெய்சி கூடவே இருந்தாள். முதுகெலும்பிலும் ஈரலிலும் இருந்தது. அறுக்க முடியாது என்றார் டாக்டர். ஆனி மாதமே வந்திருந்தால் தப்பித்திருப்பாளா என்று ஹஸ்ஸான் கேட்டான். அப்போது வேறெங்கும் தெரியவில்லை, நல்ல வாய்ப்பு இருந்தது, உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றார். ஒச்சம்மாள் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டீ வாங்கப் போன அந்த அரைமணி நேரத்தை அவள் கணக்குப் பார்த்தாள். தோட்டத்து வாசலில் தான் சொன்ன சொல்லையும், அதற்குப் பிறகு வீணாய்ப் போன பதினெட்டு நாளையும் பார்த்தாள்.

டெய்சி தயங்கித் தயங்கி, முன்னால் கேட்ட துணுக்கை இனி கேட்க மாட்டோம் என்றாள். "ஏன், எடுத்துக்கங்க" என்றாள் ஜெய்தூன். "எங்கேயிருந்து வந்துச்சுன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிச்சதும் அந்த ஏழு பேருகிட்டயும் நேர்ல போயி நீங்களே சொல்லுங்க. நான் சொன்னதை நம்பிட்டாங்க, அதான் பயமா இருக்கு." ஊசியில் ஒரு துணுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நாகஜோதிக்கு ஆறாம் நாள் கொஞ்சம் ஊறியது. பிள்ளைக்குப் போதவில்லை; பாதி மார், பாதி புட்டி என்று வளர்ந்தது. நெய்க்காரப்பட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். வருகிறபோதெல்லாம் பேகம்பூருக்கு வருகிறார்கள். ஜெய்தூன் பிள்ளையைப் பார்ப்பாள், பேசுவாள், சிரிக்க வைப்பாள். மடியில் வைத்தால் மட்டும் ஹஸ்ஸானின் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள்.

மருந்து ஏற்றுகிறார்கள். முடி எல்லாம் கொட்டிவிட்டது. முதுகு வலி தாங்காமல் இரண்டு தடவை கரண்டு வைத்துக் கதிர் பாய்ச்சியிருக்கிறார்கள். இடியாப்பத்தை மருமகள் பிழிகிறாள். ஒச்சம்மாள் பூ போடும் நாளில் எல்லாம் போய்ச் சாயங்காலம் வரை கூட இருக்கிறாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ஜெய்தூன் பீவி இப்போது பேகம்பூரில் மகன் வீட்டு முன்னறைக் கட்டிலில் இருக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் வருகிறாள்.